ஓடாத தட்டில் கேட்ட சத்தம்

என் அக்கா ஆனிமேரியின் கணவர் தனிஸ்லாஸைப் பற்றிச் சொல்வதென்றால், பாட்டுக் கேட்கத் தெரியாத மனிதர் என்றுதான் தொடங்க வேண்டும். மதுரையில் ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஊரே உருகிப் பாடும்போது இவர் மட்டும் ஸ்பீக்கர் பெட்டியை முறைத்துக்கொண்டு நிற்பார். அக்கா முழங்கையால் இடித்தால், "இரையுது" என்பார். இப்படிப்பட்ட ஆளைத் தேடித்தான் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பணக்காரர்கள் போன் போடுகிறார்கள்.

எல்லாம் டர்ன்டேபிளால் வந்த வினை. இசைத்தட்டு சுழற்றும் அந்தச் சாமான் செத்தே போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன். இப்போது ஒரு கார் விலைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறது. இறக்கியவர்களுக்கு, அது உருப்படியான சாமானா, பல வருஷம் தாங்குமா என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். மச்சான் விடுமுறை நாட்களில் போவார். ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். தட்டைக் கையால் தள்ளிவிட்டு, அது எப்படி ஓய்ந்து நிற்கிறது என்று பார்ப்பார். ஊசி தாங்கும் கையை ஆட்டிப் பார்ப்பார். கடைசியாகச் செய்வது அவருடைய சொந்த முறை. ஓடாமல் நிற்கும் தட்டின்மேல் ஊசியை இறக்கி, சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒன்றும் கேட்கக் கூடாது. காலடியோ, தெருவில் போகும் லாரியோ கேட்டால், அது தரை வழியாக ஏறி வருகிறது என்று அர்த்தம்.

"பாட்டு எல்லா மெஷின்லயும் கேக்கும் மாப்ள. சும்மா இருக்கச் சொன்னா சும்மா இருக்குதான்னு பாக்கணும்" என்பார். அக்கா சும்மா இருக்கச் சொல்லி இவர் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் மெஷின் விஷயத்தில் யாருக்காகவும் ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ எழுதித் தந்ததில்லை. அதனாலேயே விற்கிறவர்களுக்கு இவரைக் கண்டால் ஆகாது.

பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கும் வெள்ளைத்துரை, இவர் சொல்லித்தான் ஒரு மெஷின் வாங்கினார். ஊருக்குச் சற்றுத் தள்ளி, தன் சொந்த வயலில் புது வீடு கட்டியிருந்தார். "அடி எம்புட்டு கனமோ அம்புட்டுக்கு நல்லதுண்ணே" என்று மச்சான் சொல்ல, அவர் ஹாலின் மூலையில் செங்கல் திண்டு எழுப்பி, அதன்மேல் ஒரு கிரானைட் பாளத்தையே தூக்கிப் போட்டார். கொஞ்ச நாளில் ஊசி ஒரு பக்கமாக வழுக்குகிறது என்று போன் வந்தது. மச்சான் போய் மட்டம் சரி செய்தார். மறுபடியும் வழுக்கியது. மறுபடியும் போனார். மூன்றாவது முறை போன் வந்தபோது என்னைக் கார் ஓட்டக் கூப்பிட்டார்.

பரவை நெருங்கும்போது, "ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கந்தான் மாப்ள சாயுது" என்றார்.

"மெஷினோட கால்ல கோளாறு இருக்கும்."

"காலப் போன தடவையே மாத்திட்டேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டின் முன் பந்தல்கால்கள் வந்து இறங்கியிருந்தன. மகள் தமிழ்ச்செல்விக்கு அந்த வெள்ளிக்கிழமை நிச்சயம். எழுமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ் பிடித்து வருகிறார்கள். அத்தனை பேரும் அந்த ஹாலில்தான் உட்கார வேண்டும்.

"மெஷின் கோளாறுன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க சார்" என்றார் வெள்ளைத்துரை. "திருப்பி அனுப்பிட்டு வேற வாங்கிக்கிறேன்."

மச்சான் ஃபேனை அணைக்கச் சொன்னார். தட்டைச் சுழற்றும் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினார். எங்களை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, ஓடாத தட்டில் ஊசியை இறக்கினார். சத்தத்தைத் திருகினார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு முறத்திலிருந்து நொய் சரிகிற மாதிரி ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் சரிந்தது. அதன் பின்னாலேயே, எங்கோ ஆழத்தில் கனமாக ஏதோ தொப்பென்று விழுந்தது.

"எலி சார்" என்றார் வெள்ளைத்துரை.

"எலி ஓடும், நிக்கும், பிறாண்டும். இது விழுதுண்ணே. கீழ என்ன இருக்கு?"

அடுப்படி வாசலில் நின்ற தமிழ்ச்செல்விதான் சொன்னாள். "இங்கதானப்பா நம்ம கெணறு இருந்துச்சு? நான் நீச்சப் பழகுன கெணறு."

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. செங்கல் உடைசலும் வாழைமட்டையும் மண்ணும் கொட்டி மூடிய வயல் கிணறு. கிணற்றை மூடுகிறவர்கள் அது மூச்சுவிட ஒரு குழாயை மேலே நீட்டி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இவரும் வைத்திருந்தார். ஆனால் கிணற்றின்மேல் கட்டிய வீடு என்று தெரிந்தால் யார் பெண்ணெடுப்பார்கள்? தரை போடும்போது குழாயைத் தரையோடு அறுத்து டைல்ஸ் ஒட்டிவிட்டார். வாழைமட்டை அழுகி, உள்ளே மண் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஸ்பிரிங் மேல நிக்கிற மெஷினா இருந்தா இத மறைச்சிருக்கும்" என்றார் மச்சான். "இது மறைக்காது. அதனாலதான் இத வாங்கச் சொன்னேன்." கிரானைட்டைப் பார்த்தார். "இந்தக் கனத்தையும் நான்தான் வைக்கச் சொன்னேன்."

"சார், அபசகுனமாப் பேசாதீங்க. பால் காய்ச்சி ஒரு வருசம் ஆகல. நல்ல காரியம் நடக்கப் போற வீடு. எழுதிக் கொடுக்க இஷ்டமில்லன்னா கெளம்புங்க."

மச்சான் கிளம்பவில்லை. அந்தத் திண்டுக்கு முன்னால், வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கீழ ஒண்ணுமில்லன்னா எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? வெள்ளிக்கிழம வரைக்கும் இங்கனயே இருக்கேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத் தரதரவென்று இழுத்துப் போயிருப்பேன். அந்த மூலைக்குப் போகக் கால் வரவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று நின்றுகொண்டிருக்கும்போதே தமிழ்ச்செல்வி என்னைத் தாண்டிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏய், எந்திரி" என்றார் வெள்ளைத்துரை.

"எதுக்குப்பா? வெள்ளிக்கிழம இங்கதான உக்காரப் போறேன்."

ஸ்பீக்கரில் மண் சரிந்தது. இந்த முறை நீளமாக.

"எந்திரி தாயி!" அந்த மனிதர் அலறினார். மார்க்கெட்டையே அதட்டுகிற குரல் உடைந்துபோயிற்று. "ஒன்னையக் கும்புடுறேன், எந்திரி! வெளிய வா!"

மகள் எழுந்தாள். மச்சானும் எழுந்தார். அடுப்படியிலிருந்து வெள்ளைத்துரையின் மனைவி முத்துத்தாயையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம். கேஸை அணைத்தாயிற்றா என்று அந்தம்மா கேட்டுக்கொண்டே வந்தார். பந்தல்கால்களுக்கு நடுவே வந்து நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஊசியை யாரும் எடுக்கவில்லை. மண் சரிகிற சத்தம் திறந்த கதவு வழியாக முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மெயினை அணைத்துவிடலாமா என்று கேட்டேன். அது ஹாலுக்குள் இருந்தது. யாரும் அசையவில்லை.

வெள்ளைத்துரை எழுமலைக்குப் போன் போட்டார். மகளுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சம்பந்தி, ஒரு விசயம்..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"சொல்லுங்க சம்பந்தி" என்றது அந்தப் பக்கம். "அங்க என்ன, என்னமோ இடிஞ்சு விழுகுற மாதிரி சத்தம் கேக்குது?"

வெள்ளைத்துரை மகளைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று அவள் தலையசைத்தாள்.

"எங்க வீடுதான் சம்பந்தி" என்றார்.