துண்டு மேகம்

என் அத்தானுக்கு நல்ல வெயில் அடித்தால் சந்தோஷம். ஒரேயடியாக மூட்டம் போட்டாலும் சந்தோஷம். துண்டு துண்டாக மேகம் வந்தால் மட்டும் முகம் செத்துவிடும். அக்கா துணி காயப்போட மாடி ஏறினால் பின்னாலேயே போய் அண்ணாந்து பார்ப்பார். கல்யாணமான புதிதில் அக்காவைக்கூட இப்படிப் பார்த்ததில்லை என்று கேலி செய்வேன்.

அவர் வேலை காற்றை அடைப்பது. வெயில் நேரத்தில் சோலார் மின்சாரம் குவிந்து விலை மலிந்துவிடும். அப்போது ராட்சத கம்ப்ரஸரை ஓட்டி, பழைய உப்புச் சுரங்கத்துக்குள் காற்றை அழுத்தி வைப்பார்கள். சாயங்காலம் விலை ஏறியதும் அந்தக் காற்றைத் திறந்துவிட்டு, மின்சாரம் எடுத்து விற்பார்கள். மெஷின் வாங்கிய காலத்தில் நாளுக்கு ஒரு ஸ்டார்ட் என்றுதான் கணக்கு. இப்போதோ விலை மேகத்தோடு ஏறி இறங்கியது. மேகம் மறைத்தால் நிறுத்து, விலகினால் ஸ்டார்ட் செய். அந்த மெஷின் ஓடித் தேய்வதைவிட ஸ்டார்ட் ஆகித் தேய்வதுதான் அதிகம். ஆறாயிரம் ஸ்டார்ட் ஆனதும் உள்சக்கரங்களை மாற்றியாக வேண்டும். மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரி மலிந்துபோன காலத்தில் அந்தச் செலவை மெஷின் இனி சம்பாதிக்காது என்று நிர்வாகம் கையை விரித்தது. எண்ணிக்கை முடியும் அன்றே ஆலைக்குப் பூட்டு. ஆட்களும் அன்றே வெளியே.

அத்தானுக்கு இருபது வருடம் நிறைந்து பென்ஷன் உறுதியாக ஐந்து நாள் பாக்கி. மெஷினுக்கு ஏழு ஸ்டார்ட் பாக்கி. வெயில் ஒழுங்காக அடித்தால் ஐந்தே போதும்.

முதல் நாள் இரண்டு போனது. இரண்டாம் நாள் விடியும்போதே வானம் பிய்த்துப் போட்ட பஞ்சாக இருந்தது. மதியத்துக்குள் மூன்று ஸ்டார்ட். மூன்றாவது முறை நிறுத்தச் சொன்னபோது தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டார்.

“இருபது நிமிஷத்துல மேகம் போயிடும்மா. நிறுத்தாம ஓடட்டுமே.”

“புரியுது சார். விலையப் பாத்து கம்ப்யூட்டர்தான் உத்தரவு அனுப்புது. நான் அதைப் படிச்சுச் சொல்றவ மட்டும்தான்,” என்றாள் அங்கிருந்த பெண்.

குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்ததாம். திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில், பொத்தானை அமுக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே என்று பிறகு அவரிடம் கத்தினேன்.

“நான் அமுக்கலைன்னா பக்கத்துல இருக்கறவன் அமுக்கணும். அவனுக்கும்தான் வேலை போகுது. அவன் கையால எதுக்கு?” என்றார்.

அன்றே நான்காவதும் போனது. கடைசி ஸ்டார்ட் மூன்றே முக்கால் மணிக்கு. அவரேதான் அமுக்கினார். பதினொரு நிமிடம் ஓடியது. மேகம் வந்தது, நிறுத்தச் சொன்னார்கள்.

மறுநாள் வானம் துடைத்து விட்டதுபோல் நீலமாக இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. இருபது வருடம் நிறைந்திருக்க வேண்டிய நாளிலும் சாயங்காலம்வரை ஒரு பொட்டு மேகம் இல்லை. அக்கா காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

“மூணு நாளைக்கு மூணே மூணுதான் போயிருக்கும்,” என்றார்.