பொம்மிடிக்கு மேலே

மகனுடன் நான் வாழும் ஜெர்மனியில், முதியோருக்கென நடக்கும் மொழி வகுப்பில், நேற்று ஆசிரியை பலகையில் ஒரு வினைச்சொல்லை எழுதினார்: யூபர்ஃப்ளீகன். ஓர் இடத்தின் மேலாகப் பறந்து அதைக் கடந்து செல்வது என்று பொருள். அதை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னார்; இறங்க வேண்டியதில்லை, எதைக் கடந்தீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். இறங்காமற் போவதற்கென்றே ஒரு சொல்லை வைத்திருக்கிறார்களே என்று திடுக்கிட்டேன். மற்றவர்கள் மலையையும் கடலையும் எழுத, நான் "பொம்மிடியைப் பறந்து கடந்தேன்" என்று எழுதினேன். "அருமை! மேலிருந்து பார்க்க அழகாக இருந்ததா?" என்று கேட்டார் ஆசிரியை.

பொம்மிடி என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர். நான் சேலத்தில் வேலை பார்த்த காலத்தில், சொந்த ஊரான மொரப்பூருக்கு ரயிலேறும்போதெல்லாம் அவர் வழியிலுள்ள பொம்மிடி நடைமேடையில் சோற்றுப் பொட்டலத்துடன் நிற்பார். வண்டி நிற்கும் சிறு பொழுதில் ஜன்னல் கம்பிகளுக்கிடையே அதைத் திணித்துவிட்டு, "எறங்காத போற மூஞ்சியப் பாரு" என்று ஏசுவார். எங்கள் குடும்பத்தில், உடன்பிறந்தவள் ஊரைக் கடப்பவன் முகத்தையாவது காட்டிவிட்டுப் போக வேண்டும். காட்டாமற் போனால் உறவை அறுத்துக்கொண்டான் என்றே கொள்வார்கள். என் சிற்றப்பா ஒருமுறை அவ்வாறு போனார். அவருடைய தங்கை அவர் சாவுக்கும் வரவில்லை.

சென்ற மாதம், மருமகளுடைய தம்பியின் திருமணத்துக்காக, மகன் குடும்பத்துடன் சிங்கப்பூருக்குப் பறந்தேன். இருக்கைக்கு முன்னிருந்த திரையின் வரைபடத்தில், பொம்மிடிக்குப் பக்கத்திலுள்ள தருமபுரியின் பெயர் தோன்றியது. சின்னஞ்சிறு விமானம் அதன்மேல் ஊர்ந்தது. பட்டையைத் தளர்த்திப் பாதி எழுந்துவிட்டேன். பணிப்பெண்ணை அழைத்து, கீழே சுட்டிக்காட்டி, "என் அக்கா அங்கே இருக்கிறார்" என்றேன். நான் உயரத்துக்கு அஞ்சுவதாக எண்ணி, அவர் தண்ணீர் கொடுத்து, என் இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபின் மகன் கள்ளமின்றித் தொலைபேசியில், "அத்தை, உங்க வூட்டு மேலதாங்க போனோம்" என்றான். நான் அருகில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப உங்கப்பன் தூங்கிட்டிருந்தானா?"

"இல்லீங்க அத்தை, முழிச்சித்தான் இருந்தாரு."

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார். அதன்பின் நான் எத்தனை முறை அழைத்தும் அக்கா எடுக்கவில்லை.

நேற்று வகுப்பு முடிந்ததும், டிராம் நிறுத்தத்தில் நின்றபடி மீண்டும் அழைத்தேன். எடுத்தார். வசவுக்குக் காத்திருந்தேன்.

"மறுக்கா எப்படா அந்த வழியா போற?"

"தெரியலக்கா."

"தெரிஞ்சா நேரத்தச் சொல்லு. சோறு கட்டிக்கிட்டு ஸ்டேஷன்ல வந்து நிக்கறேன். எறங்காட்டிப் போ, ஜன்னலாண்டயாவது வந்து குந்து."

கேலியா மெய்யா என்று அறியேன். என் டிராம் வந்தது, ஏறாமலே நின்றேன். விமானத்தின் ஜன்னல் திறக்காது என்று அவரிடம் நான் சொல்லவில்லை.