ஆறாவது வரி காலி

எனக்கு யாரையும் லேசில் நம்பிவிடும் பழக்கம் கிடையாது. கன்டெய்னர் கிடங்கில் சீல் சரிபார்க்கிற வேலை. நல்ல பூட்டைப் பார்த்தால்கூட உடைத்து ஒட்டியதோ என்றுதான் தோன்றும். லீவு நாட்களில் ஒரு கட்டற்ற மென்பொருளுக்குத் தமிழில் கையேடு எழுதுவேன். எங்கள் குழுவில் ஒரே சட்டம்: யாருடையதையும் எடுக்கலாம், ஆனால் எடுத்த இடத்தைக் கீழே சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் புதிதாக ஒரு பக்கம் வந்திருந்தது. எழுதியவர் காலடிப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும், எனக்குப் பழக்கமான அக்கா. அட்டவணை போடுவது எப்படி என்ற விளக்கம். மாதிரிக்கு, ஒரு விசைப்படகின் ஆள் பட்டியல். ஏழு வரிகளில் ஆறாவது காலி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருடம் நான் எழுதிய பக்கத்திலும் அதே பட்டியல், அதே ஆறாவது வரி காலி. என் பெயரோ எங்குமே இல்லை. தப்பைக்கூட விடாமல் சுட்டிருக்கிறாரே என்று, ஒரு வார்த்தை விசாரிக்காமல், அவர் பெயரைப் போட்டுக் குழுவுக்குப் பொதுக் கடிதம் எழுதிவிட்டேன்: 'இது திருட்டு. நீக்குங்கள்.' மாலைக்குள் பதில் வராவிட்டால் பக்கம் போய்விடும் என்று நிர்வாகிகள் அவருக்கு எழுதினார்கள். மதியம்வரை பதில் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். முகத்தை நேரில் பார்த்துவிடலாம் என்று கடைக்கே போனேன்.

"இன்னா நைனா, ஆளையே காணோம்?" என்றார் அக்கா. நடிப்பு என்று நினைத்தேன்.

"அந்த லிஸ்ட்டு எங்க எடுத்தக்கா?"

"எங்க எடுக்கிறது? என் தம்பி மீன் புடிக்கப் போன போட்டு லிஸ்ட்டு. ஒவ்வொரு தபா கடலுக்குப் போறப்பவும் நான்தானே அடிச்சுக் குடுக்கறேன்."

"அப்ப ஆறாவது ஏன் காலியா கீது?"

அக்கா மிஷினை நிறுத்தினார். "அது அவன் இடம். போனவன் திரும்பல. அந்த நம்பர்ல வேற ஆள போட மாட்டோம்னுட்டாங்க போட்டுக்காரங்க. பேர எடுத்துட்டேன், வரிய எடுக்க மனசு வரல. நீ அட்டவணை கத்துக்க வந்தப்ப, மாதிரிக்கு வெச்சுக்கோன்னு பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தேனே, மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். பென் டிரைவில் வருடக்கணக்கில் கிடந்த கோப்பு, என் கோப்பாகவே ஆகிவிட்டது.

"பதில் போட்டிருக்கலாமேக்கா."

"செத்தவன காட்டி ஒரு பக்கத்த காப்பாத்திக்கணுமான்னு வுட்டுட்டேன். நீயும் அது ஏன் காலின்னு எழுதாத."

அவர் கணினியிலேயே உட்கார்ந்து எழுதினேன்: பட்டியல் அவருடையது, சொல்லாமல் எடுத்தவன் நான். என் பக்கத்தின் அடியில் அவர் பெயரைச் சேர்த்தேன். அவருடைய பக்கம் தப்பியது. முதல் கடிதத்தை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். பொதுவில் போட்டதை அழிக்கும் வழக்கமில்லை என்று நிர்வாகிகள் கையை விரித்துவிட்டார்கள்.

அக்காவின் பெயரை இணையத்தில் தேடினால் இன்றைக்கும் முதலில் வருவது அந்தக் கடிதம்தான். அதை எழுதியவன் யார் என்று அதன் கீழே தெளிவாகவே இருக்கிறது.