நூலை அறுக்க மனசு வராத ஓட்டக்காரி

சவுடம்மா அக்கா போயிட்டாங்க.

காலையில அருப்புக்கோட்டையில இருந்து அவங்க மகன் போன் பண்ணினார். தூக்கத்துலயே உயிர் போயிருச்சாம்...

வருஷக் கடைசியில நான் போடுற அத்லெட்டிக்ஸ் ரவுண்டப்புக்காக வெயிட் பண்றவங்க மன்னிக்கணும். டைப் பண்ணிக்கிட்டுதான் இருந்தேன். நூறு மீட்டர் முடிச்சு ஹர்டில்ஸ் வரைக்கும் வந்துட்டேன். இன்னைக்கு அது வேண்டாம், இன்னைக்கு 1948 ரவுண்டப்.

இந்த வயசுல பாட்டிக்கு எதுக்கு ஓட்டப்பந்தயக் கிறுக்குன்னு இன்பாக்ஸ்ல கேக்குறீங்கல்ல? அது ஒட்டிக்கிட்டது அந்த வருஷம்தான்.

அக்காவும் நானும் ஒரே தெருவுல பாவு ஓடினவங்க. புரியாதவங்களுக்கு... தறியில ஏத்துற நீள நூல்தான் பாவு. தெரு நெடுகக் குச்சி நட்டு, கையில நூலோட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் வரணும். கடைசிக் குச்சியைச் சுத்தித் திரும்பணும், நூல் மட்டும் அறுந்துடவே கூடாது.

நாங்கெல்லாம் நடப்போம். அக்கா பறப்பாங்க! மல்லாங்கிணறு பஸ்ஸைத் தவற விட்டா அடுத்த ஸ்டாப்புல போய்ப் பிடிச்சிருவாங்கன்னு தெருவுல கேலி பண்ணுவோம்.

நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேங்கிறதால மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல பேப்பர் வாசிக்கிற வேலை என் தலையில. அந்த டிசம்பர்ல, உலகம் பூரா அந்த வருஷம் நடந்த ஓட்டம், தாண்டுறது, எறியிறது எல்லாத்தையும் ஒரே பக்கத்துல தொகுத்துப் போட்டிருந்தாங்க.

லண்டன் ஒலிம்பிக்ஸ்! சுதந்திரம் வாங்கின பிறகு நம்ம கொடியோட நம்ம ஆளுங்க போன முதல் ஒலிம்பிக்ஸ்.

மாரத்தான்ல முதல் ஆளா ஸ்டேடியத்துக்குள்ள வந்தவர் கால் தள்ளாடிட்டார், ரெண்டு பேர் அவரைத் தாண்டிப் போயிட்டாங்கன்னு வாசிச்சேன். "அடப்பாவி, இன்னும் கொஞ்சந்தானய்யா!"ன்னு தெருவே தலையில கை வச்சிருச்சு.

அடுத்த வரியில, ரெண்டு பிள்ளைக்குத் தாய் ஒருத்தி ஓட்டத்துல தங்கம் மேல தங்கமா வாங்கியிருக்கா.

அக்கா சோத்துக் கையோட எந்திரிச்சு நின்னுட்டாங்க. "பிள்ளை பெத்தவளா? நல்லா பாத்து வாசி."

"ஆமாக்கா. அப்படித்தான் போட்டிருக்கு."

"அவ ஓடுறப்ப பிள்ளைகள யாரு பாத்துக்கிட்டா?"

"அதப் போடலக்கா."

"அதத்தானே மொதல்ல போடணும்! என்னத்தப் பேப்பரு போடுறாக!"

அப்ப அக்காவுக்கும் இடுப்புல ஒரு கைப்பிள்ளை.

அடுத்து பொங்கல் வந்துச்சு. மழை பொய்ச்ச வருஷம், திருச்சுழி ரோட்டுக் கண்மாய் காய்ஞ்சு கிடந்துச்சு. வாலிபர் சங்கத்துக்காரங்க அங்க விளையாட்டுப் போட்டி வச்சாங்க, பொம்பளைப் பிள்ளைகளுக்கும் ஒரு ஓட்டம். அக்கா சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கிட்டு வந்து எங்க வரிசையில நிக்கிறாங்க!

செக்ரட்டரி பதறிட்டார். "கல்யாணம் ஆனவுக எதுக்கும்மா? விழுந்து வச்சா உங்க வீட்டுக்காரருக்கு யாரு பதில் சொல்றது?"

அக்கா மடியில இருந்து மடிச்ச பேப்பரை எடுத்து என் கையில குடுத்தாங்க. "ஏ புள்ள, அந்தப் பேப்பர வாசிச்சுக் காட்டு."

காட்டுக் கத்தலா வாசிச்சேன். லண்டன், தங்கம், ரெண்டு பிள்ளை... எல்லாம். கூட்டத்துல இருந்து அக்காவோட மாமியார் வந்து பிள்ளையை வாங்கிக்கிட்டாங்க. "அவ ஓடட்டும் தம்பி. இங்க பிள்ளைய நான் பாத்துக்கிறேன்."

விசில்!

யாரும் பக்கத்துலயே இல்ல. அக்கா புழுதியில போறாங்க, நான் எங்கேயோ பின்னால. எல்லைக்கு ரெண்டு கம்பு நட்டு நடுவுல குறுக்க கட்டியிருந்தாங்க... நெசவாளி ஊர்ல வேற என்னத்தைக் கட்டுவாங்க? நூல்தான். சாயம் போட்ட சிவப்பு நூல்.

அக்கா நூல்கிட்ட போனாங்க. சட்டுன்னு ஒதுங்கிக் கம்பைச் சுத்தித் திரும்பி, அதே வேகத்துல ஆரம்பிச்ச இடத்துக்கே ஓடி வந்துட்டாங்க!

அதைவிடக் கூத்து, பின்னால போன நாங்களும் ஒருத்தி விடாமக் கம்பைச் சுத்தினோம். கடைசியா மூச்சு வாங்கிக்கிட்டு வந்த, பாவே ஓடியறியாத பருத்திக் கமிஷன் கடைக்காரர் மகதான் நூலை அறுத்தா. அவதான் ஜெயிச்சான்னு சொல்லிட்டாங்க.

"அவ பாதி தூரந்தானய்யா ஓடுனா! நான் போயிட்டும் வந்துட்டேன்ல!"ன்னு அக்கா மல்லுக்கு நின்னாங்க. கரையில இருந்த மொத்தத் தெருவும் இறங்கி வந்துருச்சு.

செக்ரட்டரி தலையில அடிச்சுக்கிட்டார். "சரி, இன்னொரு தடவை. இந்தத் தடவையும் நூல அறுக்காம விட்டீகன்னா இனிமே கல்யாணம் ஆனவுக யாரையும் சேக்க மாட்டோம். சொல்லிட்டேன்."

அக்கா முகம் சுண்டிப் போச்சு. எங்கிட்ட மட்டும் மெதுவா, "அறுக்க மனசு வர மாட்டேங்குது புள்ள... கை கால் எல்லாம் தானாத் திரும்புது"ன்னாங்க.

"கண்ண மூடிக்கிட்டாவது போங்கக்கா!"

மறுபடி விசில். கமிஷன் கடைப் பிள்ளையைவிட ரெண்டு மடங்கு ஓடின கால் அது. பாதி தூரத்துல அவ முந்திட்டா. எனக்கு ஓட்டமே மறந்து போச்சு, நின்னு கத்துறேன். அக்கா எட்டிப் பிடிச்சாங்க. தாண்டிட்டாங்க. நூல்கிட்ட போறப்ப ஒரு நொடி தோள் ஒதுங்குச்சு... அப்படியே கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுப் பாய்ஞ்சாங்க பாருங்க!

அறுந்துச்சு!

கண்மாய்க்கரை பூரா கூச்சல். குலவை. மாமியார் பிள்ளையைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுறாங்க.

அக்கா எதையும் பாக்கல. குனிஞ்சு புழுதியில கிடந்த ரெண்டு நுனியையும் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, மீதியைப் பல்லால கடிச்சுத் துப்பினாங்க. அதுக்கப்புறம்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க.

"நான் ஜெயிச்சுட்டேனா புள்ள?"

ஜெயிச்சுட்டீகக்கா. போயிட்டு வாங்க.