தனிஸ்லாசுக்கு ஒரு பூசை

சகாயராணி திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிதர் முகம்மதின் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாள். கூட்டமில்லாத மதிய வேளைகளில் அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது.

ஸ்லட்ஜ், டூம் என்று வெளிநாட்டில் ஒரு வகை இசை. கிதாரின் சுருதியை அடிமட்டத்துக்கு இறக்கி, சேற்றில் பாரவண்டி இழுபடுவதுபோல வாசிப்பார்கள். கப்பலில் வேலை பார்த்த மாமன் மகன் தொண்ணூற்றாறில் விட்டுப்போன கேசட்டில்தான் முதலில் கேட்டாள். வீட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவளுக்கு மட்டும் பிடித்துப்போனது. அந்தப் பாட்டுகளுக்கு எங்கேயும் போய்ச் சேரும் அவசரம் இல்லை. இப்போது அத்தகைய குழுக்களின் புது வெளியீடுகளைக் கேட்டு, ஓர் இணையதளத்துக்கு ஆங்கிலத்தில் விமர்சனம் எழுதினாள். சம்பளம் கிடையாது. சிடிக்கள் கடை முகவரிக்கு வரும்.

“ஏம்மா, போலந்து எங்கம்மா இருக்கு? அங்க உனக்கு யாரு?” என்று கிதர் முகம்மது ஒரு பார்சலை நீட்டியது 2003ஆம் ஆண்டு தவக்காலத்தில்.

அப்போது அம்மா ஆனந்தமேரிக்கு வயிற்றில் புற்றுநோய் முற்றியிருந்தது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். ஞாயிறு மதியம் கட்டிலோரம் உட்கார்ந்து சகாயராணி ஹெட்போனில் அந்தச் சிடியைக் கேட்டாள். போலந்தில் ஏதோ சின்ன ஊரைச் சேர்ந்த மூன்று பேரின் முதல் வெளியீடு.

“அப்படி என்னத்தத்தான் கேக்குற? இங்க குடு.”

“வேணாம்மா. தலை வலிக்கும்.”

“வலிக்கிறதுக்கு இனிமே புதுசா என்ன இருக்கு? குடுடி.”

அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். பாட்டு முடியும்வரை கழற்றவில்லை.

“வலி தாங்காத ஆளு இப்படித்தான் மூச்சு விடும்,” என்றாள். “பாடுறவன் வீட்ல யாரோ படுத்துக் கெடக்காக.”

விமர்சனத்தில் சகாயராணி வேறெதையும் பெரிதாக எழுதவில்லை. அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் போட்டாள். சில நாளில் அந்தப் பாடகனே மெயில் அனுப்பினான். சுரங்கத் தொழிலாளியான அப்பா நுரையீரல் நோயில் படுத்திருந்த காலத்தில் செய்த பாட்டுகளாம். குழுவுக்கு வெளியே யாரிடமும் அவன் இதைச் சொன்னதில்லையாம்.

“இப்ப இருக்காகளா?” என்று அம்மா கேட்டாள்.

“இல்லம்மா. சிடி வர்றதுக்கு முந்தியே போயிட்டாராம்.”

“பேரு என்னன்னு கேளு. ஒரு பூசை வைக்கணும்.”

அவன் கோயில் பக்கமே போகாதவன். தலைகீழ்ச் சிலுவை அச்சடித்த சட்டையோடு சிடி அட்டைப் படத்தில் நின்றவன். சகாயராணி தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். ஸ்டனிஸ்வாவ் என்று ஒற்றைச் சொல் பதிலாக வந்தது.

அந்தப் புனிதர் பெயரை இங்கே வேறு மாதிரி சொல்வார்கள். “நம்ம தனிஸ்லாசு!” என்றாள் அம்மா, தெரிந்தவரைத் தெருவில் கண்டுகொண்டதுபோல.

ஈஸ்டர் முடிந்து ஒரு காலைப் பூசையில் ‘இறந்த தனிஸ்லாசின் ஆன்ம இளைப்பாற்றிக்காக’ என்று வாசித்தார்கள். ஆட்டோவில் வந்திருந்த அம்மா, மகளின் தோளில் சாய்ந்து கேட்டாள். வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு அமலராணி பதறி ஓடிவந்தாள்.

“அக்கா, எந்த தனிஸ்லாசு? மேட்டுப்பட்டிக்காரரா? நேத்துக்கூட சந்தையில பாத்தேனே!”

“இவுக வெளியூரு. நம்ம சொந்தந்தான்.”

ஜூன் மாதம் அம்மா இறந்தாள். சகாயராணி போலந்துக்கு ஒரு வரி எழுதினாள். அங்கிருந்தும் ஒரு வரி வந்தது.

அடுத்த ஆண்டு அந்தக் குழுவின் இரண்டாவது சிடி வந்தது. பிரிக்க மனம் வராமல் பல நாள் மேசையில் கிடந்தது. ஒருநாள் கேட்டாள். நன்றாக இல்லை. வேகம் கூடியிருந்தது, சத்தம் மட்டும் மிஞ்சியது. மழுப்பி எழுதிவிடலாமா என்று யோசித்தாள். அம்மா சொன்னதைப் போட்டு எழுதிய இடத்தில் ஒரு பொய் எழுத முடியவில்லை. உள்ளதை அப்படியே எழுதினாள். ‘நீ சொல்வது சரி’ என்று பாடகன் பதில் போட்டான். அதன்பிறகு அவர்கள் சிடி எதுவும் வெளியிடவில்லை.

2006இல் பள்ளி ஆசிரியர் பிராங்கிளினைக் கட்டிக்கொண்டு தாடிக்கொம்புக்குப் போனாள். அவருக்கு இந்த இசை ஒரு நிமிடம்கூடத் தாங்காது. ஆனாலும் அவளுக்கு வரும் சிடி பார்சலைத் தபால்காரரிடம் வாங்கி வைப்பார். அவள் ஹெட்போனை மாட்டிவிட்டால், அடுப்பில் இருக்கும் வெஞ்சனத்தைத் தானே எழுந்துபோய்க் கிளறிவிடுவார்.