மலையடிப் பையன்

என் அப்பாவுக்கு விவாதம் செய்ய ஓர் ஆள் கிடைத்துவிட்டால் காப்பி ஆறுவதுகூடத் தெரியாது. திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமஸ்கிருத வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ரயில்வே ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் வந்துவிடுவார். ஒரு ஞாயிறு, இருவரும் உலகத்தில் உள்ளதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டு, இல்லாததைப் பேச ஆரம்பித்தார்கள்.

நடக்கவே முடியாத ஒன்றை மனிதனால் நினைத்துப் பார்க்க முடியுமா? முடியும் என்றார் சிநேகிதர். முடியாது என்றார் அப்பா. முயல் கொம்பை நினைக்கிறோமே என்றால், முயலையும் பார்த்திருக்கிறோம், ஆட்டுக் கொம்பையும் பார்த்திருக்கிறோம். இரண்டையும் ஒட்டுப் போடுகிறோம், அவ்வளவுதான் என்று அப்பா வாதாடினார்.

"வந்த்யா புத்ரனை நினைச்சுப் பாரும், பார்ப்போம்!"

"தமிழ்லே சொல்லுமேன், ஓய்."

"மலடி மகன்!" என்றார் அப்பா உரக்க.

சமஸ்கிருதத்தில் இருந்தவரை அது யாரையும் தொடவில்லை. தமிழுக்கு வந்ததும் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அங்கே அத்தை இருந்தாள். முசிறியில் வாழ்க்கைப்பட்டுப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. அத்திம்பேருக்கு இரண்டாவதாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாள் பிறந்தகத்தில் இருக்கட்டும் என்று அத்தையை அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

சின்னப் பெண் நான்; மலடி என்ற சொல்லை அதுவரை கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதை வாயால் சொல்வதில்லை. 'மலையடி மகன்' என்றே என் காதில் விழுந்தது. பச்சைமலை அடிவாரத்துப் பையன்! இதையா நினைக்க முடியாது? அப்பாவை ஜெயிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது?

"என்னாலே முடியும்! சுருட்டை முடி, முன்பல் விழுந்திருக்கு, கையிலே தினைமாவு உருண்டை வெச்சிண்டிருக்கான்!" என்று கத்தினேன்.

சிநேகிதர் சிரித்தார். அப்பா சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு, மேல்துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காவேரியில் குளிக்கப் போனபோது, என் தலையைத் துவட்டிக்கொண்டே அத்தை கேட்டாள்:

"நேத்திக்கு ஒரு பிள்ளையைச் சொன்னியே, அவன் யார் ஜாடைடி?"

நிமிர்ந்தேன். எதிரே இருந்தது அவள் முகம்தான். "மூக்கு உன் மூக்கு, அத்தை."

"பசி தாங்குவானோ?"

"தாங்கவே மாட்டான்."

எண்ணெய் வைத்தால் அழுவானா, இருட்டுக்குப் பயப்படுவானா என்று கேட்டுக்கொண்டே போனாள். அத்தனை ஆசையாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை. நானும் தாராளமாக அளந்துவிட்டேன்.

"இப்போ எங்கே இருக்கான்?"

"மலையடியிலேதான். அதான் மலையடி மகன்னு அப்பா சொன்னாரே!"

அத்தையின் கை என் தலையிலேயே நின்றது. அவள் என்னைத் திருத்தவில்லை. "ஆமாண்டி, மலையடிதான். ரொம்ப தூரம். பஸ்கூட கிடையாது" என்றாள்.

"நடந்தே வந்துடுவான் அத்தை. பசிக்குமோல்லியோ, முசிறியிலே உங்காத்துக்குத்தான் முதல்லே வருவான்."

அன்று மாலையே அத்தை மூட்டை கட்டினாள். அத்திம்பேருக்குப் பெண் நிச்சயமாகிவிட்டதாக முசிறியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இனி நீ போகவே வேண்டாம், இங்கேயே இரு என்று அப்பா கெஞ்சினார்.

"வரவா வரச்சே ஆத்திலே நான் இருக்க வேண்டாமா, அண்ணா?"

புதுப்பெண்ணைச் சொல்கிறாள் என்று அப்பா தலைகுனிந்தார். அம்மா அழுதாள். பஸ் கிளம்பியபோது கைகொட்டிச் சிரித்தவள் நான் ஒருத்திதான். அத்தை யாருக்காகப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.