காமாட்சி கூட்டிச் சொன்ன இரண்டு வயது

இலங்கையில் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வேலை கிடையாது. அதனால் கூலிக்காரர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்குப் பத்து முடிந்த மறுநாளே பன்னிரண்டு பிறந்துவிடும். புருஷன் செத்த வருஷம் காமாட்சியும் அதைத்தான் செய்தாள்.

"எம்மவளுக்குப் பன்னெண்டு முடிஞ்சிருச்சுங்க ஐயா" என்றாள் கணக்கப்பிள்ளையிடம். வேலையாட்களின் பேரேடான செக்ரோலில் மகள் செல்வராணியின் பேர் ஏறியது. அந்தப் பேருக்கு அரிசியும் வந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குச் செக்ரோல் சொன்னதே வயது.

காலையில் கொழுந்து பறித்துவிட்டுப் பகலில் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள் ராணி. அங்கே ஐந்தாம் வகுப்போடு சரி. ஒரு வருஷம் கழித்து யாழ்ப்பாணத்து வாத்தியார் ஆறுமுகநாதன், "பிள்ளை கெட்டிக்காரி. மாத்தளையிலை ஆறாம் வகுப்பிலை சேருங்கோ" என்றார். மாத்தளையில் காமாட்சியின் நாத்தனார் வீடு இருந்தது. ஆனால் தோட்டத்தில் எழுதிக் கொடுத்த வயதுத் துண்டைப் பார்த்த மாத்தளைப் பள்ளித் தலைமையாசிரியர் தலையை ஆட்டினார். அதில் வயது பதின்மூன்று. பன்னிரண்டைத் தாண்டினால் ஆறாம் வகுப்பில் இடமில்லை.

பொய்யைத் திருத்தினால் பேர் போகும், பேரோடு அரிசியும் போகும். காமாட்சி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் தோட்டத்து மேனேஜர் தொரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் பொய் சொன்னேனுங்க. எம்மவளுக்குப் பதினொண்ணுதான்."

"நீ மட்டும்தானா?" என்று கேட்டார் தொரை.

காமாட்சியின் கண் தானாகச் சின்னப் பிள்ளைகள் நின்ற வரிசைக்குப் போனது. தொரையின் கண்ணும் பின்னாலேயே போனது.

சாயங்காலத்துக்குள் ராணியின் பேரோடு இன்னும் ஏழு பிள்ளைகளின் பேரும் செக்ரோலில் வெட்டுப்பட்டன.

தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பக்கத்து வீட்டு வீராயி காமாட்சியின் குடத்தைத் தள்ளி வைத்தாள். "உம்மவ கவர்மெண்டு ஏஜெண்டு தொரையாகுறதுக்கு எங்க அடுப்பு அணையணுமாடி?"

"நான் யாரு பேரையும் சொல்லலியே அக்கா."

"வாயால சொல்லல. கண்ணால சொன்ன."

பேர் வெட்டுப்பட்ட அந்த ஏழு பிள்ளைகளும் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். மூன்று பேருக்கு ஒரு சிலேட்டு. வாத்தியாருக்குச் சந்தோஷம். அடுத்த மாதம் அதில் நாலு பேர்தான் மிச்சம்.

திருத்திய துண்டோடு ராணி மாத்தளைக்குப் புறப்பட்ட அன்று, அதே பஸ்ஸில், பேர் வெட்டுப்பட்ட வீராயியின் மகள் பூவாயியும் ஏறினாள். அவளுக்கு மாத்தளைக் கடை வீதியில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

காமாட்சிக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஒரு மாதமாகப் பேசாத வீராயி, பஸ்ஸைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஒங்க நாத்தனா வீடு கடை வீதிக்குக் கிட்டவா?"

"கிட்டத்தான் அக்கா."

"அப்படின்னா ராணிய அப்பப்ப போய் எம்மவளப் பார்த்துக்கச் சொல்லு."